சுகர் இருப்பதைச் சொன்னால் விசா போய்விடுமா? குடியேற்ற விண்ணப்பத்தில் நோயைச் சொல்வதும் மறைப்பதும்

2025 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. குடியேற்ற விசா கேட்பவருக்குச் சர்க்கரை நோய், இதய நோய், உடற்பருமன் போன்றவை இருந்தால், அதற்கான செலவை வாழ்நாள் முழுக்க அவரால் தாங்க முடியுமா என்றும் அதிகாரிகள் பார்க்கலாம் என்பது அதன் சாரம். செய்தி வாட்ஸ்அப்பில் இறங்கியபோது நாடு, சட்டம், விசா வகை எல்லாம் உதிர்ந்துபோய், ‘சுகர் இருந்தா இனிமே விசா கிடையாதாம்’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சியது. கனடாவுக்கு அப்பா அம்மாவை அழைக்க நினைப்பவரும் ஆஸ்திரேலிய பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருப்பவரும் இப்போது அதே வரியைப் படித்துவிட்டு, ‘படிவத்தில் சொல்லலாமா, வேண்டாமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. தமிழர்கள் பெருமளவில் விண்ணப்பிக்கும் கனடாவை முதன்மையாக வைத்துப் பார்ப்போம். அங்கே சட்டம் ஓரளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, செலவுக்கான எல்லையும் டாலர் கணக்கில் வெளியிடப்படுகிறது.

நோயைக் கேட்பது எதற்காக?

குடியேற்றச் சட்டங்கள் உடல்நலத்தை இரண்டு காரணங்களுக்காகப் பார்க்கின்றன. ஒன்று, தொற்று. மற்றொன்று, செலவு. எந்த நாடு எதை எவ்வளவு பார்க்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பிரிட்டன் ஏறத்தாழ முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர் காசநோய்ப் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். செலவுக்காக, பெரும்பாலான விசாக்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே வசூலித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தின் மருத்துவப் பிரிவு தொற்றுநோய், தடுப்பூசி, பிறருக்கு ஆபத்தான நடத்தையோடு சேர்ந்த கோளாறுகள், போதைப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றியது. எச்.ஐ.வி. அந்தப் பட்டியலிலிருந்து 2010 ஜனவரியில் நீக்கப்பட்டது. நவம்பர் அறிவுறுத்தல் இந்த மருத்துவப் பிரிவின் கீழ் வரவில்லை. ‘அரசுக்குச் சுமையாகிவிடுவாரா’ என்று பார்க்கும் வேறொரு பிரிவின் கீழ் வந்தது.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் செலவை நேரடியாகக் கணக்குப் போடும் நாடுகள். அங்கே மருத்துவச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது.

கனடாவின் பிரிவு 38

குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு மருத்துவக் காரணத்துக்காக ஒருவரை மறுக்க மூன்று வழிகளை மட்டும் தருகிறது:

1. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து. நடைமுறையில் இது செயல்நிலையில் உள்ள காசநோய், சிகிச்சை பெறாத சிபிலிஸ் போன்றவை. குணப்படுத்திவிட்டால் தடையும் விலகிவிடும்.
2. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து. வன்முறைக்கோ திடீர் செயலிழப்புக்கோ இட்டுச்செல்லக்கூடிய நிலைகள். இதன் கீழ் மறுக்கப்படுபவர்கள் குறைவு.
3. மருத்துவ, சமூகச் சேவைகள் மீது மிகையான சுமை. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

‘மிகையான சுமை’ என்பது அதிகாரியின் மனம்போன அளவுகோல் அல்ல. கனடாவில் ஓர் ஆளுக்கு ஆகும் சராசரி மருத்துவ, சமூகச் சேவைச் செலவை மூன்றால் பெருக்கி எல்லையை வகுக்கிறார்கள். 2025-க்கான எல்லை ஆண்டுக்கு 27,162 கனடிய டாலர். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 1,35,810 டாலர். வழக்கமாக ஐந்தாண்டுச் செலவைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பின்னும் பெருஞ்செலவு வரும் என்பதற்குச் சான்று இருந்தால் பத்தாண்டு வரை நீட்டலாம்.

இந்தப் பெருக்கல் 2018 ஜூனில் வந்தது. அதுவரை எல்லை ஆண்டுக்குச் சுமார் 6,600 டாலராக இருந்தது. விலை அதிகமான ஒரே ஒரு மருந்து போதும், விண்ணப்பம் விழுந்துவிடும். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகள் இருந்த குடும்பங்களும் அடிபட்டன. அந்த ஆண்டு எல்லையை மும்மடங்காக்கியதோடு, சிறப்புக் கல்வி, தொழில்சார் மறுவாழ்வு, அன்றாட உதவியாளர் சேவை போன்றவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022-இல் இது நிரந்தர விதியானது. ‘ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் கனடா கிடையாது’ என்று இன்றும் சொல்லும் ஏஜென்ட் 2018-க்கு முந்தைய கனடாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த எல்லையை நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் நோய்களோடு வைத்துப் பார்க்கலாம்:

- மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கொழுப்பு: எல்லையின் பக்கத்தில்கூட வராது. இன்சுலின் போடுபவருக்கும், பெரிய சிக்கல்கள் இல்லாதவரை, அப்படித்தான்.
- சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்து இப்போது நலமாக இருப்பவர்: இதயம் இன்று எவ்வளவு நன்றாக இயங்குகிறது, இன்னொரு சிகிச்சை விரைவில் தேவைப்படுமா என்பதைப் பொறுத்தது.
- எச்.ஐ.வி.: எல்லை உயர்ந்த பிறகு, மருந்துச் செலவு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது.
- டயாலிசிஸ்: ஆண்டுச் செலவு எல்லையைப் பல மடங்கு தாண்டும். இங்கே ஒளிவுமறைவில்லாத பதில், பெரும்பாலும் மறுப்பு என்பதுதான்.

செலவு எல்லைக்குள் இருந்தாலும் இன்னொரு சிக்கல் எழலாம். ஒருவருக்குத் தேவைப்படும் சிகிச்சைக்கு ஏற்கெனவே காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்து, அவர் சேர்வதால் உள்நாட்டவரின் உயிருக்கோ உடல்நிலைக்கோ பாதிப்பு கூடும் என்றால், அதுவும் மிகையான சுமையே. உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இந்தக் கணக்கே பொருந்தாதவர்கள்

ஏஜென்ட்டுகள் அடிக்கடி சொல்லாமல் விடும் பகுதி இது. கனடாவில் இருக்கும் ஒருவர் தன் கணவரையோ மனைவியையோ சேர்ந்து வாழும் துணையையோ சார்ந்திருக்கும் பிள்ளையையோ ஸ்பான்சர் செய்தால், மிகையான சுமை விதி அவர்களுக்குப் பொருந்தாது. அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அந்தக் காரணத்துக்காக அவரைத் தடுக்க முடியாது. சொல்வதால் இழப்பு எதுவுமில்லாத இடத்தில் போய் நோயை மறைத்து, தகவலை மறைப்பதற்கான ஐந்தாண்டுத் தடையை விலைகொடுத்து வாங்குவது இதனால்தான் இன்னும் பரிதாபமானது.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இந்த விலக்கு இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறன், வேலை அனுபவம் பார்த்துத் தேர்வு செய்யும் முறை) போன்ற பொருளாதார வகைகளில் வருபவர்களுக்கும் இல்லை.

பொருளாதார வகையில் இன்னொரு பொறி உண்டு. சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் முதன்மை விண்ணப்பதாரரும் தேறமாட்டார். உடன் வராமல் ஊரிலேயே இருக்கப்போகும் பிள்ளையும் பொதுவாக இதில் அடக்கம். ‘அப்படியானால் அந்தப் பிள்ளையின் பெயரையே போடாமல் விட்டுவிடுங்கள், போனபிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். குடியேற்ற விதிகளின் 117(9)(d) உட்பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது: பி.ஆர். பெறும்போது அறிவிக்கப்படாத, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படாத குடும்ப உறுப்பினரைப் பிறகு குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது. 2019 செப்டம்பர் முதல் ஒரு தற்காலிகத் தளர்வு நடைமுறைக்கு வந்தது. அது அகதிகளாகவோ, துணையாலோ பெற்றோராலோ ஸ்பான்சர் செய்யப்பட்டோ வந்தவர்களுக்கு மட்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போனவருக்கு உதவாது.

எங்கே, என்ன கேட்கிறார்கள்?

முதலில் படிவம். பார்வையாளர் விசாவுக்கான படிவத்தில்கூட இரண்டு மருத்துவக் கேள்விகள் உண்டு: கடந்த இரண்டு ஆண்டில் உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ நுரையீரல் காசநோய் இருந்ததா, காசநோயாளியுடன் நெருங்கிப் பழகினீர்களா? கனடாவில் தங்கும்போது மருந்து தவிர்த்த வேறு மருத்துவ, சமூகச் சேவை தேவைப்படும் உடல் அல்லது மனக் கோளாறு உண்டா? இரண்டாவது கேள்வியில் ‘மருந்து தவிர்த்த’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். தினம் ஒரு சுகர் மாத்திரை போடும் தாய் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதிலளித்தால் அது பொய்யாகாது. எந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று படிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடுவதும் வேண்டியதில்லை.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. இதை உங்கள் குடும்ப டாக்டர் செய்ய முடியாது. கனடா அரசு அங்கீகரித்த பேனல் டாக்டர்தான் செய்ய வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பதாரர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். டாக்டர் கேட்கும் கேள்விகள் படிவத்தைவிட விரிவானவை: காசநோய், நீண்ட சிகிச்சை, மருத்துவமனையில் தங்கியது, மனநலம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, புற்றுநோய், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், இப்போது சாப்பிடும் மருந்து. இங்கே மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். பிறகு சிறுநீர்ச் சோதனை, 11 வயதுக்கு மேல் மார்பு எக்ஸ்ரே, 15 வயதுக்கு மேல் ரத்தச் சோதனை. பதில்களின் கீழ் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். முடிவை எடுப்பவர் இந்த டாக்டர் அல்ல. அவர் அறிக்கையை ஏற்றிவிடுவார். மதிப்பிடுபவர் குடிவரவுத் துறையின் மருத்துவ அதிகாரி.

மறைத்தது எப்படி வெளிவருகிறது என்பதற்குக் காசநோயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இருபது ஆண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் ஆறு மாத மருந்து முடித்துக் குணமான ஒருவர், ‘அதைப்போய் எதற்குச் சொல்லிக்கொண்டு’ என்று டாக்டரின் கேள்விக்கு ‘இல்லை’ போடுகிறார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் பழைய தழும்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரிகிறது. கதிரியக்க மருத்துவர் அதைப் பதிவு செய்கிறார். அடுத்து மூன்று நாள் தொடர்ச்சியாக சளி மாதிரி கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். கிருமி இல்லை என்று முடிவு வந்தால் அவர் மருத்துவ ரீதியாகத் தேறிவிடுவார். கனடாவில் இறங்கிய பின் மாகாணப் பொதுச் சுகாதாரத் துறையிடம் போய்ப் பதிவு செய்து கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். நோய் கதவை அடைக்கவில்லை. ஆனால் கோப்பில் ‘காசநோய் வந்ததில்லை’ என்ற கையெழுத்தும் தழும்புள்ள எக்ஸ்ரேயும் அருகருகே இருக்கின்றன. சிகிச்சை முடித்த பழைய அட்டையோடு ‘ஆம்’ என்றிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

பைபாஸ் செய்த நெஞ்சில் தழும்பு இருக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவு ரத்தத்தில் இருக்கும். முன்பு ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது எடுத்த பரிசோதனை இ-மெடிக்கல் என்ற மின்னணு அமைப்பில் பதிவாகியிருக்கும். கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவையும் பயன்படுத்தும் அமைப்பு அது.

மறைத்தால்: பிரிவு 40

மேலே சொன்ன கணக்கு எதுவும் இங்கே நுழையாது. பிரிவு 40, ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ முக்கியமான தகவலைத் திரித்தாலும் மறைத்தாலும் ஒருவரைத் தகுதியற்றவராக்குகிறது. அந்தத் தகவல் முடிவை மாற்றியே இருக்க வேண்டும் என்பதில்லை. சட்ட நிர்வாகத்தில் தவறு நேர இடம் கொடுக்கக்கூடியதாக இருந்தாலே போதும். விளைவுகள்:

1. ஐந்தாண்டுத் தடை. 2014 நவம்பருக்கு முன் இது இரண்டாண்டாக இருந்தது. இந்தக் காலத்தில் பி.ஆர். விண்ணப்பமும் போட முடியாது.
2. ‘மறைமுகமாக’ என்ற சொல்லால் ஏஜென்ட் நிரப்பிய பொய்யும் உங்கள் பொய்யே. அவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். தடை உங்கள் பெயரில்.
3. பி.ஆர். கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அது பறிபோகலாம். குடியுரிமையும் மோசடியால் பெறப்பட்டது என்று ரத்தாகலாம். காலக்கெடு எதுவும் காப்பாற்றாது.
4. மற்ற நாடுகளின் படிவங்கள் ‘உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா?’ என்று கேட்கும். அங்கும் அதைச் சொல்லியாக வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான, அதிகம் பேசப்படாத விளைவு மேல்முறையீடு பற்றியது. டொராண்டோவில் இருக்கும் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து தாயை ஸ்பான்சர் செய்கிறார் என்று கொள்வோம். நோய்ச் செலவு எல்லையைத் தாண்டுவதால் மறுப்பு வந்தால், மகள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். செலவுக் கணக்கு சரியாகவே இருந்தாலும், தாய் தனியே இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இங்கே என்ற மனிதாபிமானக் காரணங்களை அந்தத் தீர்ப்பாயம் எடைபோட முடியும். மறுப்பு ‘தகவல் மறைப்பு’ என்று வந்தால், சட்டத்தின் 64(3) உட்பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. துணைக்கும் பிள்ளைக்கும் மட்டும் விலக்கு, பெற்றோருக்கு இல்லை. ஆக, நோயைச் சொல்லி மறுக்கப்பட்டவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. மறைத்துப் பிடிபட்டவருக்கு மிஞ்சுவது, முடிவு எடுத்த முறை சட்டப்படி சரியா என்று மட்டும் பார்க்கும் கூட்டாட்சி நீதிமன்றம்.

சொன்ன பிறகு மறுப்புக் கடிதம் போல ஒன்று வந்தால்

அது பெரும்பாலும் மறுப்பு அல்ல, விளக்கம் கேட்கும் கடிதம். நடைமுறை நியாயக் கடிதம் என்பார்கள். உங்கள் நோய்க்கு இன்னின்ன சேவைகள் தேவை, இவ்வளவு செலவாகும் என்று மருத்துவ அதிகாரி போட்ட கணக்கு அதில் இருக்கும். கடிதத்தில் குறித்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதிலில் மூன்று விஷயங்களைத் தொடலாம்: நோய்க் கண்டறிதலே தவறு, செலவுக் கணக்கு தவறு, அல்லது செலவை நாங்களே ஏற்போம்.

மூன்றாவதுக்கு இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-இல் ஹிலேவிட்ஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், நோயின் பெயரைப் பார்த்து மறுக்கக் கூடாது, அந்தக் குடும்பத்தின் உண்மையான நிலையையும் தாங்களே செலவிடும் வசதியையும் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்றது. அதற்கு மூன்றாண்டு முன் வந்த தியோல் வழக்கு வேறு மாதிரி. மூட்டு மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்ட தந்தைக்குக் குடும்பமே செலவு செய்யும் என்ற வாக்குறுதியைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசு இலவசமாகத் தரும் மருத்துவமனைச் சிகிச்சையை ‘வாங்கிக்கொள்ள மாட்டேன்’ என்று ஒரு பி.ஆர். கொடுக்கும் உறுதியைச் செயல்படுத்த வழியில்லை என்பதே காரணம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறை விளங்கும். வெளிநோயாளி மருந்து, சமூகச் சேவை போன்றவற்றுக்கு வேலையிடக் காப்பீட்டையோ சேமிப்பையோ காட்டும் திட்டம் எடுபடலாம். அறுவைச் சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் பணம் இருப்பது உதவாது. ‘மாமா டாக்டர், பார்த்துக்கொள்வார்’ என்ற கடிதம் எதற்குமே உதவாது. சிறப்பு மருத்துவரின் அறிக்கை வேண்டும்: நோய் என்ன, இன்றைய நிலை, என்ன மருந்து, அடுத்த ஐந்தாண்டில் என்ன எதிர்பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய சோதனை முடிவுகள், மருந்தின் மூலக்கூறுப் பெயர் (நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது) ஆகியவற்றை முதல் பரிசோதனை நாளிலேயே கையில் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சூப்பர் விசாவில் (பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட காலம் தங்குவதற்கான பார்வையாளர் விசா) பெற்றோர் வருவதாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனியாக உண்மையைச் சொல்ல வேண்டும். குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு கட்டாயம். பாலிசி எடுக்கும்போது இதய நோயைச் சொல்லாமல் விட்டால் விசா வந்துவிடும். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பில்லைத்தான் நிறுவனம் தள்ளிவிடும்.

ஆஸ்திரேலியாவில் எது வேறு?

செலவு எல்லை 2024 ஜூலை முதல் 86,000 ஆஸ்திரேலிய டாலர். இது ஆண்டுக்கானது அல்ல, மதிப்பிடும் காலம் முழுமைக்கும். முக்கிய வேறுபாடு: இதே நோய், இதே தீவிரம் உள்ள கற்பனையான ஒருவருக்கு அரசுக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் மருத்துவ அதிகாரி கணக்கிடுவார். உங்கள் சொத்தோ தனியார் காப்பீடோ அந்தக் கணக்கில் வராது. சில விசா வகைகளில் மட்டும் விதி 4007-இன் கீழ் விலக்குக் கேட்கலாம், குடும்ப நிலையை அங்கேதான் பேச முடியும். விதி 4005 பொருந்தும் விசாக்களில் அந்த வழி இல்லை. ஆகவே ஆஸ்திரேலியாவில் நோயைச் சொல்வதற்கு முன், எந்த விசா வகை என்பதை யோசிப்பது பயனுள்ளது. பொய்த் தகவலுக்கு விதி 4020 மூன்றாண்டுத் தடை விதிக்கிறது. நியூசிலாந்தின் எல்லை ஐந்தாண்டுக்கு 81,000 நியூசிலாந்து டாலர்.

ஏற்கெனவே மறைத்துவிட்டவர்கள்

கனடாவில் விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருந்தால், அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் தாமாகவே திருத்தம் அனுப்புவதற்கு மதிப்பு உண்டு. குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறு, சரியான தகவல் என்ன, ஏன் விடுபட்டது என்று எழுதி, மருத்துவ ஆவணங்களை இணைக்க வேண்டும். கேள்விக் கடிதம் வந்த பிறகு அனுப்பும் திருத்தத்தை ‘பிடிபட்டதால் சொல்கிறார்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் பிரிவு 40 விசாரணை நின்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட்டிடம் திரும்பப் போகாமல், உரிமம் பெற்ற கனடிய வழக்கறிஞரையோ பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. பதிவு எண்ணைக் கேட்டு இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.